தூண்டில் போடும் பாத்தியதை

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறி வழங்கும் பாசன நீர்நிலைகள் ஏறக்குறைய 39,000 உண்டு என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. அவற்றைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதப்படுவன எல்லாம் பெரும்பாலும் ஆயக்கட்டு, தூர்வாருதல், ஆக்கிரமிப்பு, நிலத்தடி நீர் என்ற விஷயங்களோடு நின்றுவிடுகின்றன. அவை முக்கியமான விஷயங்களே. அதில் எனக்கு அபிப்பிராய பேதம் இல்லை. ஆயினும், ஒரு கண்மாய் தன் ஊராருக்கு நெல்லை மாத்திரம் கொடுக்கவில்லை என்பதையும், பள்ளிக்கூடம் விட்ட மாலை வேளைகளில் கரையோரத்து மருதமர நிழலில் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அது கொடுத்துவந்த ஆனந்தமும் அந்த ஊரின் சொத்துக்களில் ஒன்று என்பதையும், அந்தச் சொத்து யாதொரு விவாதமும் இன்றி ஏலப் பத்திரத்தின் ஷரத்து ஒன்றினால் பறிபோய்க் கொண்டிருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்ல யாரேனும் முன்வர வேண்டும் என்று நான் பலநாளாக எண்ணிவருகிறேன்.

தூண்டில் போடுவதன் சந்தோஷம் மீன் கிடைப்பதில்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் கரையில் ஒரு நாளும் உட்காராதவர்கள். அந்தச் சந்தோஷம் முதல் நாள் மாலையில் மண்புழு தேடும்போதே ஆரம்பமாகிவிடும். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சாணமும் வைக்கோலும் மக்கிக் கிடக்கும் இடத்துப் புழு சிவந்து, நல்ல துடிப்போடு இருக்கும். அதைச் சிறிது ஈரமண்ணோடு கொட்டாங்கச்சியில் போட்டு வைத்துக்கொண்டு, காய்ந்து இலேசான மூங்கில் கழி ஒன்றைத் தேர்ந்து, அதன் நுனியில் தங்கூசி நரம்பைக் கட்டி, மயிற்பீலியின் தண்டை நறுக்கித் தக்கையாகக் கோத்து, பழைய வலையிலிருந்து கழற்றிய ஈயக்குண்டை முள்ளுக்கு ஒரு சாண் மேலே நசுக்கிப் பொருத்தி, எல்லாவற்றையும் எரவாணத்தில் செருகி வைத்துவிட்டுப் படுத்தால், விடியும்வரை உறக்கம் பாதி, நினைவு பாதி என்றே பொழுது கழியும்.

நான் பிறந்த பிரதேசம் மேலூருக்குக் கிழக்கே, பெரியாற்றுக் கால்வாயின் நீர் எட்டாமல், ஐப்பசி கார்த்திகை மழையையே நம்பி இருக்கிற மானாவாரி பூமி. அங்கே எனக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. முள்ளில் புழுவைக் கோக்கும் விதத்தையோ கழியை வீசும் விதத்தையோ அவர் முதலில் சொல்லித் தரவில்லை. கரையில் எங்கே உட்காருவது என்பதைத்தான் சொல்லித் தந்தார். "ஒன் நெழலு தண்ணியில விழுகாம உக்காருடா தம்பி, மீனுக்கு ஆளு தெரியிறதுக்கு முன்னாடி நெழலுதேன் தெரியும்" என்பது அவர் வாக்கு. காலையில் கிழக்குக் கரையையும் மாலையில் மேற்குக் கரையையும் தவிர்க்க வேண்டும் என்பது அந்த ஒரு வாக்கிலேயே அடங்கிவிட்டது.

தக்கை நீரில் நிமிர்ந்து நின்ற பிறகு, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் இருப்பதே வேலை. நீருக்கு அடியில் நடப்பதை எல்லாம் அந்தச் சிறு பீலித்தண்டு ஒன்றே வெளியில் அறிவிக்கிறது. சில்லுக்கெண்டை வந்து புழுவைக் கொத்தினால், தக்கை நின்ற இடத்திலேயே படபடவென்று துள்ளும். அந்தத் துள்ளலுக்கு ஏமாந்து கழியைத் தூக்கினால் வெறும் முள்ளே மேலே வரும். கெளுத்தி இரையை வாங்கிக்கொண்டு நகரும்போது தக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிதானமாக ஓடத் தொடங்கும். குறவை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சற்றுப் பொறுத்து, ஒரே இழுப்பில் தக்கையை நீருக்குள் கொண்டுபோய்விடும். அவசரம் எதுவுமின்றி அங்குலம் அங்குலமாக நகர்ந்து அல்லிக்கொடியின் ஓரமாகத் தக்கை போய்ச் சேருமானால், கீழே இருப்பது நண்டு என்று தெரிந்துகொண்டு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். பொறுமையும் கூர்ந்த கவனமும் ஒருங்கே வேண்டியிருக்கும் இந்தப் பாடத்தை, எழுதப் படிக்கச் சிரமப்பட்ட பையன்கள் பலர் ஒரே பருவத்தில் பிழையறக் கற்றுக்கொண்டதை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன்.

கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கங்களிலும் உள்ள முட்கள், அதைக் கரையில் போட்ட மாத்திரத்தில் விறைத்து நின்றுவிடும். அப்போது அது கீர்கீர் என்று ஒருவித ஒலி எழுப்பும். பக்கமுட்களை அவற்றின் பொருத்தில் உரசுவதால் எழும் ஒலி அது. அந்த முட்களுக்குப் பின்புறமாக விரல்களைக் கொடுத்து அதைப் பிடிக்கும் முறையை, குத்து வாங்கி அழுத அண்ணன்மார்களைப் பார்த்தே தம்பிமார் அறிந்துகொண்டார்கள்.

விராலின் விஷயம் தனி. மண்புழுவுக்கு வரும் மீன் அன்று அது. உயிருள்ள சிறு தவளையை முள்ளில் கோத்துக் கொடிகளுக்கு இடையே துள்ளவிட்டால்தான் பெரிய விரால் எழும்பும். மழைக்காலத்தில் அதன் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்தில் மொய்த்துக்கொண்டிருக்க, ஆணும் பெண்ணும் அவற்றின் கீழே காவலாகத் திரியும். அந்தச் சமயத்தில் கூட்டத்துக்கு நடுவே எது விழுந்தாலும் அது பாய்ந்து வருமாதலால், அப்போது அதைப் பிடிப்பது மிகவும் சுலபம். "குஞ்சோட நிக்கிறதத் தொட்டா குடும்பத்துக்கு ஆகாதுடா" என்று சொல்லிப் பெரியப்பா எங்கள் கழிகளை மடக்கச் செய்துவிடுவார். இனப்பெருக்கக் காலத்தில் மீன்களைப் பிடிக்கலாகாது என்று இன்றைய விஞ்ஞானிகள் சொல்லும் விதி, எங்களுக்கு அந்தக் கட்டளை மூலமாகவே வந்து சேர்ந்தது.

கோடையில் கண்மாய் வற்றிச் சேறாகும்போதும் இந்த மீன்கள் எல்லாம் மாண்டுவிடுவதில்லை. விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்கு வெளிக்காற்றைச் சுவாசிக்கும் அவயவ அமைப்பு உண்டு. மற்ற மீன்கள் பிழைக்க முடியாத கலங்கல் நீரிலும் ஈரச்சேற்றிலும் அவை அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். பனையேறிக் கெண்டையைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. 1791-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தரங்கம்பாடியில் டேனிஷ் படையின் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப் என்பவர், நீர்நிலை ஒன்றின் ஓரத்தில் நின்ற பனைமரத்தின் ஈரமான பிளவில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், இந்த மீன் மேலே ஏறப் பிரயத்தனப்பட்டுக் கொண்டிருந்ததைத் தாமே கண்டு பிடித்ததாக எழுதினார். அந்தக் கடிதம் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1797-இல் அச்சேறியது. அது மரம் ஏறுமா என்பதைப் பற்றிப் பின்னால் வந்த பண்டிதர்கள் வெகுவாக வாதாடினார்கள். ஆனால் செவுள்மூடியின் பற்களை மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, மழை நாட்களில் ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்கு அது தரைவழியே போவதில் யாருக்கும் ஆக்ஷேபணை இல்லை. எங்கள் ஊர்க் களத்துமேட்டில் மழைவிட்ட காலைகளில் அது ஊர்ந்து போனதைப் பார்த்த கண்களுக்கு, டால்டார்ஃப் எழுதியது முழுவதும் கற்பனை என்று தோன்றாது.

அந்தக் காலத்து அந்நிய உத்தியோகஸ்தர்களில் வேறு சிலரும் நம் குளத்து மீன்களைச் சிரத்தையோடு கவனித்தார்கள். சென்னை ராஜதானியில் ராணுவ வைத்தியராக இருந்த பிரான்சிஸ் டே, இந்திய மீன்களைப் பற்றித் தம் பெருநூலை 1875 முதல் 1878 வரை வெளியிட்டார். அதே ராஜதானியில் சிவில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியாவில் தூண்டிலிடுவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியதோடு திருப்தியடையாமல், குளங்களில் தூண்டிலிடுவதற்கென்றே 1887-இல் தனியாக மற்றொரு புத்தகம் எழுதினார். சீமையிலிருந்து வந்து பெரிய பதவியில் அமர்ந்த ஒருவர், நம் ஊர்க் குளக்கரையில் உட்கார்ந்திருப்பதை ஒரு நூலுக்கு உரிய விஷயமாக மதித்தார் என்பது நினைக்கத் தக்கது.

பிடித்த மீன் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதும் இந்த ஞாபகங்களில் சேர்ந்ததே. வழவழவென்று கையில் நில்லாத விராலை அடுப்புச் சாம்பலில் புரட்டி, வாசற்கல்லில் உரசி அப்பத்தா ஆய்ந்து கொடுப்பார். மணலில் புதைந்து வாழும் அயிரையை உயிரோடு கல்லுப்புப் போட்ட மண்சட்டியில் அலசி, அது விழுங்கிய மண்ணையெல்லாம் கக்கவைத்த பிறகே புளிக்கரைசலில் போடுவார். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு அந்தக் குழம்பைச் சுண்டவைத்து ஊற்றிச் சாப்பிட்டவர்களுக்கு மேற்கொண்டு நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஊரார் அனைவரும் சேர்ந்து பிடிக்கும் நாளும் உண்டு. மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, பொன்னமராவதி வட்டாரங்களில் கண்மாய் நீர் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இறங்கும் கோடை மாதங்களில் மீன்பிடித் திருவிழா இன்றும் நடக்கிறது. பொழுது விடியுமுன் சுற்றுப்பட்டு ஊர் ஜனங்கள் எல்லாம் கரையில் கூடி, ஊத்தா, கச்சா, வலை, கூடை என்று கையில் அகப்பட்டதை வைத்துக்கொண்டு காத்திருக்க, ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும், அத்தனை பேரும் ஏககாலத்தில் நீருக்குள் இறங்குவதைக் காண வேண்டும். அன்று பிடித்த மீனை விற்பது வழக்கமில்லை. அவரவர் வீட்டில் சமைப்பதும், கிடைக்காதவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதுமே மரபு. மழை தவறாமல் பெய்து விளைச்சல் பெருக வேண்டும் என்பதே அன்றைய பிரார்த்தனை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஓர் உண்மையை மறைத்தால் நியாயமாகாது. எல்லாக் கரையும் எல்லாருக்கும் எக்காலத்தும் திறந்திருந்தன என்று சொல்ல முடியாது. நீரைத் தொடவே சிலருக்குத் தடை விதித்த ஊர்கள் இருந்தன. ஊருணிக்கரையில் தம் நிழல் விழுவதற்கும் அஞ்சி நின்ற பிள்ளைகள் இந்த நாட்டில் இருந்தார்கள். பழைய வழக்கத்தை அப்படியே மீட்டுக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வழக்கத்தில் இருந்த ஆனந்தம், இந்த முறை ஊரிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒருவர் தயவை எதிர்பாராமல், எழுத்து மூலமாகவே கிடைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

கண்மாய் மீனைக் குத்தகைக்கு விடுவதை நான் எதிர்க்கவில்லை. அது இன்று நேற்று வந்த ஏற்பாடும் அன்று. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குப் பாட்டம் வாங்கியதைச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளே கூறுகின்றன. அந்த வருவாயை ஏரியைத் தோண்டி ஆழப்படுத்துவதற்கே ஒதுக்கிய சபைகளும் இருந்தன. அப்படியானால் புதிதாக என்ன நேர்ந்துவிட்டது என்று கேட்பவர்களுக்கு மறுமொழி சொல்ல வேண்டியது என் கடமை.

முன்பெல்லாம் குத்தகைதாரர் பிடித்தது, மழையும் வரத்துக் கால்வாயும் தாமாகக் கொண்டுவந்து சேர்த்த மீனை. அதில் அவர் போட்ட முதல் ஏலத்தொகை மாத்திரமே. ஆகையால் கரையில் இரண்டு பையன்கள் கழி நீட்டிக்கொண்டிருந்தால் அதை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி ஹீராலால் சௌதுரி என்னும் இந்திய விஞ்ஞானி, மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்வதில் வெற்றி பெற்றார். குளத்தில் தாமாக இனம் பெருக்காத கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் குஞ்சுகளை வேண்டிய அளவு உற்பத்தி செய்து எங்கும் விடுவது அதன் பிறகே சாத்தியமாயிற்று. அது நாட்டுக்குப் பெரிய நன்மை. இன்று ஏழைகளின் வீட்டிலும் மீன் வேகிறதென்றால் அதற்கு அந்தக் கண்டுபிடிப்பும் ஒரு காரணம். ஆனால் அதன் விளைவாகக் குத்தகைதாரர் விலைகொடுத்து வாங்கிய குஞ்சை நீரில் விட்டு, அதற்குத் தீனியும் போட்டு வளர்ப்பவராக மாறினார். நீருக்குள் இருப்பது தம் முதல் என்று ஆனபின், காவலாள் வந்தான், பலகை வந்தது, கழியோடு வந்த பிள்ளை திருடன் ஆனான். விரால், குறவை போன்ற நாட்டு மீன்களோ, விட்ட குஞ்சுகளைத் தின்றுவிடும் என்பதனால், இலுப்பைப் பிண்ணாக்குக் கரைசலுக்கு இரையாகி, பல குளங்களில் வேரோடு இல்லாமற்போயின.

குத்தகைதாரரின் பயத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம். கட்லா நீரின் மேல்தட்டில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்டு வளர்வது; மண்புழு கோத்த முள்ளை அது நாடுவது அரிது. புழுத்தூண்டிலில் பெரும்பாலும் அகப்படுவன சில்லுக்கெண்டையும் கெளுத்தியும், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று கண்ட குளத்தில் எல்லாம் பெருகிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையுமே. ஜிலேபியைப் பிள்ளைகள் பிடித்துப் போனால் குத்தகைதாரருக்கு அது உபகாரமே தவிர நஷ்டம் இல்லை. ரோகு ஒன்றிரண்டு மாவுருண்டைக்கு அகப்படலாம்; அந்த நஷ்டத்தை ஏலத்தொகையில் சிறிது குறைத்துக்கொண்டு ஊரே ஏற்கலாம். நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. ஒரு கழி, ஒரு நரம்பு, ஒரு முள் என்ற அளவில் நிற்கும் தூண்டிலை அவற்றோடு சேர்த்து எண்ணுவது அநியாயம்.

மற்றோர் ஆக்ஷேபணை, பிள்ளைகள் நீரில் விழுந்து மாண்டுபோகிறார்களே என்பது. அது மிகுந்த துயரத்தோடு கேட்க வேண்டிய ஆக்ஷேபணை. பிள்ளையை இழந்த வீட்டின் முன் எந்த வாதமும் நில்லாது. ஆனால் அவர்களைக் கொல்வது தூண்டில் அன்று. சரிவாக இறங்கி, இடுப்பளவு, மார்பளவு என்று படிப்படியாக ஆழம் காட்டிய பழைய கண்மாயில், வண்டல் என்றும் கிராவல் என்றும் இயந்திரம் வைத்து அளவுக்கு மீறி வெட்டியெடுத்த செங்குத்துப் பள்ளங்கள் மழைநீருக்குள் மறைந்து கிடப்பதே காரணம். கரையில் தினமும் உட்காரும் பிள்ளைக்கு எந்த இடம் பள்ளம், எந்த இடம் மேடு என்று தெரியும். நீரைவிட்டு ஒதுக்கி வளர்க்கப்பட்டு, ஏதோ ஒரு விடுமுறை நாளில் முதன்முதலாக இறங்கும் பிள்ளைக்குத் தெரியாது. பள்ளம் வெட்டியவர்களைத் தடுப்பதும், ஊர்தோறும் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பதும் நம் பொறுப்பு. அதைச் செய்யாமல் கரையை மூடிவைப்பதால் எந்தப் பிள்ளையும் பிழைக்கப் போவதில்லை.

கண்மாய்க்கு ஆபத்து வரும்போது முதலில் குரல் கொடுப்பவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். வரத்துக் கால்வாய் அடைபட்டதையும், கழிவுநீர் வந்து கலப்பதையும், கரை கசிவதையும் அதிகாரிகளின் பதிவேடு அறிவதற்கு வெகு முன்னதாக அறிகிறவன், தினந்தோறும் அந்த நீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். நீரின் நிறம் மாறினால் மீன் கொத்தாது. மீன் கொத்தாவிட்டால் ஏன் என்று அவன் விசாரிப்பான். குழாயைத் திருகிக் குடிநீர் பிடித்து, ஆழ்குழாய்க் கிணற்றால் வயலுக்குப் பாய்ச்சி வாழும் ஓர் ஊருக்குக் கண்மாயோடு மிச்சமிருக்கும் நேரடிச் சம்பந்தம் இது ஒன்றுதான். இதையும் அறுத்துவிட்டு, சீமைக்கருவேலும் ஆகாயத்தாமரையும் மண்டிப்போன பிறகு ஊரார் கவலைப்படவில்லையே என்று குறைசொல்லுவதில் அர்த்தம் இல்லை.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சிறு கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றின் மீன் குத்தகைப் பத்திரத்தில் மூன்று ஷரத்துகளைச் சேர்த்தால் போதும். உள்ளூர்வாசி எவரும், சாதி பேதமின்றி, ஒற்றை முள் தூண்டிலால் வீட்டுக்கு வேண்டிய மீனைப் பகல் வேளையில் பிடித்துக்கொள்ளலாம் என்பது முதலாவது. நாட்டு மீன்களை அழிக்கக் கண்மாயில் எந்தக் கரைசலையும் ஊற்றலாகாது என்பது அடுத்தது. மூன்றாவதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: கோடையில் கடைசி மீனையும் எடுத்துவிட வேண்டும் என்று எண்ணெய் இயந்திரம் வைத்து மடைக்கு அருகிலுள்ள பள்ளத்து நீரை இறைத்து வற்றச்செய்யும் வழக்கத்துக்குத் தடை வேண்டும். அந்தப் பள்ளத்தில் மிச்சமிருக்கும் விராலும் கெளுத்தியும் அயிரையுமே அடுத்த ஐப்பசியில் கண்மாய் முழுவதையும் நிரப்பப் போகிற விதை. கிராம சபை மே 1-ஆம் தேதி கூடுகிறது. குத்தகைக்குக் கணக்காகும் பசலி ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி பிறக்கிறது. இடையில் இரண்டு மாத அவகாசம் இருப்பதால், இந்த மே மாதச் சபையிலேயே தீர்மானம் நிறைவேற்றி ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பினால், வரப்போகும் ஏலத்திலேயே இவற்றைச் சேர்த்துவிடலாம்.